மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறார்

காஞ்சிபுரத்தில் காய்ச்சலுக்கென்றே ஒரு சிவன் இருக்கிறார். ஜுரஹரேஸ்வரர். இத்தனை கோயில்களுக்கு நடுவே, ஒரே ஒரு வியாதிக்கான ஸ்பெஷலிஸ்ட்டாக உட்கார்ந்திருக்கிறார். எங்கள் ஊரின் மொத்த சுகாதார ஏற்பாட்டிலும், வந்தவரை வேறு இடத்துக்கு ரெஃபர் செய்யாதவர் அவர் ஒருவர்தான். ஓபி சீட்டு கேட்பதில்லை. ஆதார் கேட்பதில்லை. "அந்த டாக்டர் வியாழக்கிழமைதான் வருவார்" என்று சொன்னதில்லை. குணமாகிறதா என்பது வேறு விஷயம். ஆனால், "இங்கே வெச்சிக்க முடியாது, செங்கல்பட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடுங்க" என்று யாரையும் விரட்டியதாகத் தல வரலாறு இல்லை.

பிள்ளையார்பாளையத்தில் தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டு நாற்பது வருஷம் உட்கார்ந்த ஒருவர், ராத்திரி பதினொரு மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறார் என்று வையுங்கள். முதல் ஆலோசனைக் கூட்டம் வீட்டுத் திண்ணையில். "கேஸ்தான் மாமா, ஒரு சோடா குடிங்க" என்பான் மருமகன். சோடா தோற்ற பிறகு ஆட்டோ. முதலில் போகிற தனியார் ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுப்பார்கள், பில் போடுவார்கள், அட்வான்ஸ் எவ்வளவு கட்ட முடியும் என்று விசாரிப்பார்கள். பதிலைக் கேட்டதும் நோய் திடீரென்று பெரிதாகிவிடும்: "பெரிய இடத்துக்குப் போயிடுங்கம்மா." அடுத்தது அரசு ஆஸ்பத்திரி. டியூட்டியில் ஒரே டாக்டர். அவருக்கு முன்னால் பைக் விபத்து இரண்டு, பாம்புக்கடி ஒன்று, மூச்சுத் திணறும் கிழவி ஒருத்தி. அவர் செய்ய முடிந்ததைச் செய்துவிட்டுச் சீட்டில் ஒரு வரி எழுதுவார்: "மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறார்." எது இல்லாததால் அனுப்புகிறார், யார் இல்லாததால் அனுப்புகிறார் என்று அதில் இருக்காது. பிறகு 108. செங்கல்பட்டு ஏறக்குறைய 40 கிலோமீட்டர், சென்னை 75.

அந்த இளம் டாக்டரைத் திட்ட எனக்கு மனசு வராது. தூக்கமில்லாத கண்ணோடு அவர் எழுதுகிற அந்த வரி அவர் கண்டுபிடித்ததல்ல. கோட்டையிலும் டெல்லியிலும் தினமும் எழுதுகிற வரி அது. வருகிற பொறுப்பை எல்லாம் மேலே அனுப்புவது, மேலே இருப்பவர் பக்கத்தில் அனுப்புவது, பக்கத்தில் இருப்பவர் திரும்பவும் கீழே அனுப்புவது. நோயாளியாவது ஆம்புலன்ஸில் போகிறார். பொறுப்பு சும்மா காகிதத்தில் போகிறது, அதனால் இன்னும் வேகமாகப் போகிறது.

மருத்துவக் கல்லூரிக் கதையைக் கேளுங்கள். செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி 1965-ல் வந்தது. 2019 நவம்பர் வரை அது எங்கள் மாவட்டத்துக் கல்லூரி. அந்த மாதம் மாவட்டத்தை இரண்டாகப் பிரித்தார்கள். அண்ணன் தம்பி பாகப்பிரிவினை மாதிரி சொத்து பிரிந்தது: தம்பிக்கு மருத்துவக் கல்லூரி, அண்ணனுக்குக் கோயில்கள். அதுவரை சொந்த மாவட்டத்துக்குள் நடந்த ரெஃபர், ஒரே கையெழுத்தில் வெளிமாவட்ட ரெஃபர் ஆயிற்று. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகளைத் திறந்தார்கள். பட்டியலில் காஞ்சிபுரம் இல்லை. அரசு மருத்துவக் கல்லூரி இல்லாத மாவட்டங்கள் என்று வேறொரு பட்டியல் உண்டு: தென்காசி, மயிலாடுதுறை, பெரம்பலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர். அதில் எங்களுக்கு இடம் தாராளமாகக் கிடைத்தது.

கல்லூரி வேண்டுமென்று மாநிலம் மத்திய அரசுக்கு எழுதியது. தேசிய மருத்துவ ஆணையம் 2023-ல் ஒரு விதி சொன்னது: பத்து லட்சம் பேருக்கு 100 எம்பிபிஎஸ் இடம் போதும். தமிழ்நாட்டில் அதற்கு மேல் இருக்கிறதாம். அந்தக் கணக்கில் லட்சலட்சமாகக் கொட்டிப் படிக்கிற தனியார் கல்லூரி இடங்களும் சேர்த்தி. எவனோ பணம் கட்டி டாக்டராகிறான், அதனால் பிள்ளையார்பாளையத்துக்காரனுக்கு ஆஸ்பத்திரி கிடையாது என்பது இந்த நூற்றாண்டின் நியாயம். எதிர்ப்பு கிளம்பியதும் அந்த விதியைத் தள்ளிவைத்தார்கள். தள்ளிவைப்பதும் ரெஃபர்தான், அடுத்த ஊருக்குப் பதில் அடுத்த வருஷத்துக்கு.

மதுரைக்காரர்கள் எங்களைப் பார்த்து ஆறுதல் அடையலாம், நாங்கள் அவர்களைப் பார்த்து அடைகிறோம். எய்ம்ஸ் அறிவிப்பு 2015, அடிக்கல் 2019 ஜனவரி. 2021 தேர்தலில் அந்த எய்ம்ஸை ஒற்றைச் செங்கலாகக் கையில் தூக்கிக் காட்டி ஓட்டுக் கேட்டார்கள். செங்கல் கிடைப்பதற்கு முன்பே மாணவர்கள் கிடைத்துவிட்டார்கள். 2022-ல் சேர்ந்த முதல் வருஷத்துப் பிள்ளைகளைப் படிக்க ராமநாதபுரத்துக்கு அனுப்பினார்கள். ஆஸ்பத்திரி கட்டுவதற்குள் மாணவனையே ரெஃபர் செய்த ஒரே நாடு நம்முடையதாகத்தான் இருக்கும்.

சரி, ஆஸ்பத்திரி இல்லை, அட்டை இருக்கிறதே என்பார்கள். ஆமாம், இருக்கிறது. எங்கள் வீடுகளில் பாவு சுற்ற இடம் இல்லாவிட்டாலும் அட்டை வைக்க ஒரு பெட்டி உண்டு. 2009-ல் கலைஞர் பெயரில் காப்பீட்டுத் திட்டம் வந்தது. ஆட்சி மாறியது, 2012-ல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு ஆயிற்று. 2018-ல் டெல்லியிலிருந்து ஆயுஷ்மான் வந்து ஒட்டிக்கொண்டது. குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம். இதனால் இருதய ஆபரேஷன் செய்துகொண்டு உயிரோடு இருப்பவர்கள் எங்கள் தெருவிலும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்த அட்டை ஆள் படுக்கையில் விழுந்தால்தான் கண் திறக்கும். தறிக்காரனின் வியாதி படுக்கிற வியாதி இல்லை. இடுப்பு, முழங்கால், கழுத்து, கண். உட்கார்ந்தபடியே வருகிற வியாதி. அதற்கு ஓபியில் ஒரு நாள் நிற்க வேண்டும். நெய்தால்தான் கூலி. ஒரு நாள் வரிசையில் நின்றால் அன்றைய சேலை ஒரு முழம்கூட நகராது. அந்தக் கூலியை எந்த அட்டையும் தருவதில்லை. அதனால் அவன் மெடிக்கலுக்குப் போய், "வலிக்கு ரெண்டு வேளைக்கு மாத்திரை சேர்த்துக் குடுப்பா" என்கிறான். வருஷக்கணக்கில் அதையே விழுங்கி, கடைசியில் கிட்னி கெட்டு, அப்போது அட்டைக்குத் தகுதி பெறுகிறான்.

நெசவாளருக்கென்றே தனிக் காப்பீடு ஒன்றும் இருந்தது. 2005-06 வாக்கில் மத்திய அரசு தனியார் இன்சூரன்ஸ் கம்பெனியோடு சேர்ந்து கொண்டுவந்தது. குடும்பத்துக்கு வருஷம் 15,000 ரூபாய். அதன் உள்பிரிவுகளை ரசித்துப் படிக்க வேண்டும்: பல்லுக்கு 250. மூக்குக்கண்ணாடிக்கு 250. கண் சிகிச்சைக்கு 75 ரூபாய். தலைமுடி மாதிரி பட்டிழையும் ஜரிகையும் பார்த்துப் பார்த்துப் புட்டா போடுகிறவனின் கண்ணுக்கு, பாரத தேசம் போட்ட விலை 75 ரூபாய். அவன் நெய்த சேலையின் விலை எத்தனை ஆயிரம் என்று உங்கள் வீட்டு பீரோவைத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தத் திட்டத்தையும் வேறொரு திட்டத்துக்கு அனுப்பினார்கள், அதை இன்னொன்றில் கரைத்தார்கள். 2020 ஜூலையில் அகில இந்தியக் கைத்தறி வாரியத்தையே கலைத்துவிட்டு, அடுத்த மாதம் 7-ஆம் தேதி தேசியக் கைத்தறி தினத்தைக் கொண்டாடினார்கள். கேக் வெட்டினார்களா, தெரியவில்லை.

அட்டைக் கணக்கு எப்படி இருக்கிறது என்று தணிக்கைத் துறை பார்த்தது. 2023-ல் வந்த சி.ஏ.ஜி. அறிக்கையின்படி, ஆயுஷ்மான் திட்டத்தில் ஏறக்குறைய ஏழரை லட்சம் பயனாளிகளுக்கு ஒரே செல்போன் நம்பர். பத்து ஒன்பதுகள். ஏழரை லட்சம் பேர் ஒரே போனில் கூட்டுக்குடும்பமாக வாழ்கிற அதிசயம் உலகத்தில் வேறெங்கும் இல்லை. எங்கள் பேட்டையில் கைரேகை தேய்ந்துபோன கிழவிக்கு மட்டும் மெஷின் "பொருந்தவில்லை" என்கிறது. அறுபது வருஷம் இழை பிடித்த விரல், ரேகை எங்கிருந்து வரும்?

தமிழ்நாட்டில் திட்டத்துக்குப் பஞ்சமில்லை, பெயருக்கும் பஞ்சமில்லை. 2020 டிசம்பரில் அம்மா மினி கிளினிக் 2,000 என்றார்கள். அடுத்த ஆட்சியில் போர்டை இறக்கினார்கள். அப்புறம் நகர்ப்புற நலவாழ்வு மையம் என்று போர்டு ஏறியது. 2025 ஆகஸ்டில் முதல்வர் பெயரையே வைத்து ஒரு முகாம். முகாமில் உங்களைச் சோதித்து, உங்களுக்கு என்ன வியாதி என்று நன்றாகச் சொல்வார்கள். சொல்லிவிட்டு எங்கே அனுப்புவார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சென்னையில் 2010-ல் சட்டசபைக்கென்று கட்டிய கட்டடத்தை அடுத்த ஆட்சி 2014-ல் ஆஸ்பத்திரி ஆக்கியது. கோபத்தில் செய்த நல்ல காரியம். அந்த மாதிரி கோபம் காஞ்சிபுரம் பக்கம் யாருக்காவது வரக்கூடாதா என்று ஏங்குகிறோம்.

மக்களைத் தேடி மருத்துவத்தைக் கிண்டல் செய்ய மாட்டேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் பிரஷர் மாத்திரையும் சுகர் மாத்திரையும் வீட்டுக்கே வருகின்றன. தறியை விட்டு எழுந்திருக்கத் தேவையில்லை என்பதைப் புரிந்துகொண்ட ஒரே திட்டம் அதுதான். 2024-ல் ஐ.நா. விருது வாங்கியது. விருதை மேடையில் உயர்த்திப் பிடித்தவர்கள் வேறு, வெயிலில் பையைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக நடக்கிற பெண் வேறு. அவள் வாங்குவது சம்பளம்கூட இல்லை, ஊக்கத்தொகை.

இந்த மாவட்டத்தில் ஒரு காலத்தில் ஆஸ்பத்திரியை எப்படி நடத்துவது என்று தெரிந்திருந்தது. வாலாஜாபாத் தாண்டி, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடலில், பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழனின் கல்வெட்டு இருக்கிறது. 11-ஆம் நூற்றாண்டு. வீரசோழன் என்று பெயரிட்ட ஆதுலசாலையில் 15 படுக்கை. ஒரு வைத்தியர், அவருக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவை செய்ய ஒருவர், 30 கலம். மூலிகையும் விறகும் கொண்டுவர ஆள், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பணிப்பெண்கள், நாவிதர், தண்ணீர் கொண்டுவருபவர், ராத்திரி எரிய விளக்குக்கு எண்ணெய். வருஷம் முழுவதும் கையிருப்பில் இருக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களையும் வெட்டியிருக்கிறார்கள்: தசமூல ஹரீதகி, பில்வாதி கிருதம், கல்யாண லவணம் என்று. அந்த ஆதுலசாலை வேதம் படித்த மாணவர்களுக்கும் கோயில் பணியாளர்களுக்கும்தான், எங்கள் பாட்டன் போயிருந்தால் வாசலிலேயே ரெஃபர் செய்திருப்பார்கள், அது வேறு. கல்வெட்டின் தொடக்கத்தில் மன்னரின் மெய்க்கீர்த்தி நீளமாக ஓடுகிறது. அந்தக் காலத்து ஃபிளெக்ஸ் பேனர். ஆனால் மெய்க்கீர்த்தி முடிந்ததும் கணக்கு வருகிறது: எத்தனை படுக்கை, எத்தனை ஆள், யாருக்கு எவ்வளவு, அலமாரியில் என்ன. இன்றைக்கு எந்த ஆஸ்பத்திரி வாசலில் வேண்டுமானாலும் போய் நில்லுங்கள். மெய்க்கீர்த்தி ஆளுயரத்தில் இருக்கும். எத்தனை டாக்டர் பணியிடம், அதில் எத்தனை காலி என்ற வரியைத் தேடிக் கண்டுபிடித்தால் எனக்குச் சொல்லியனுப்புங்கள்.

இதுவரை சிரித்துக்கொண்டே எழுத முடிந்தது. சுங்குவார்சத்திரம் பற்றி அப்படி முடியாது.

2025 செப்டம்பரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடா மாவட்டத்தில் சளிக்கு சிரப் குடித்த குழந்தைகளுக்குச் சிறுநீர் நின்றது. இருபதுக்கு மேல் செத்தன, பெரும்பாலும் ஐந்து வயதுகூட ஆகாதவை. சிரப்பின் பெயர் கோல்ட்ரிஃப். தயாரித்த இடம் சுங்குவார்சத்திரம், காஞ்சிபுரம் மாவட்டம். எங்கள் ஊர்ப் பெயர் சேலை மடிப்பில் போய்க்கொண்டிருந்தது, இப்போது பாட்டில் லேபிளில் போயிற்று. சோதித்தபோது அதில் டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம். 0.1 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாத தொழிற்சாலை ரசாயனம். பாட்டிலில் பாதி விஷம். அக்டோபர் 1, 2 தேதிகளில் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் அந்தத் தொழிற்சாலையில் நுழைந்து எண்ணினார்கள்: 364 விதிமீறல்கள். வருஷத்தில் ஒரு நாள் லீவு போக, நாளுக்கு ஒன்று. ஆயுதபூஜை விடுமுறையில் வேலை பார்த்து ஒன்றிரண்டு நாளில் முடிவைச் சொன்னார்களே என்று பாராட்டினார்கள், நானும் பாராட்டுகிறேன். ஆனால் அந்தக் கம்பெனிக்கு உரிமம் கொடுத்தது 2011-ல். 364 விதிமீறல் ஒரே ராத்திரியில் காளான் போல முளைத்ததா? பதினான்கு வருஷம் அந்தக் கதவைத் தட்ட வேண்டியவர்கள் எந்த ஆயுதத்துக்குப் பூஜை போட்டுக்கொண்டிருந்தார்கள்?

பிறகு நடந்தது தெரிந்த கதை. மத்தியப் பிரதேசத்தில் முதலில் எடுத்த மாதிரிகளில் ஒன்றுமில்லை என்றார்கள். பிறகு தமிழ்நாட்டின் மீது குற்றம் என்றார்கள். தமிழ்நாடு, மத்திய அரசின் அமைப்பு என்ன செய்தது என்று கேட்டது. மத்திய அமைப்பு, ஆய்வு செய்ய வேண்டியது மாநிலம் என்றது. இருபதுக்கு மேற்பட்ட சின்னப் பிணங்களை மூன்று அரசாங்கங்கள் ஒன்றுக்கொன்று மேல்சிகிச்சைக்கு அனுப்பிக்கொண்டன. கீழே இருந்த இரண்டு ஆய்வாளர்கள் சஸ்பெண்ட். கம்பெனி முதலாளி கைது, உரிமம் ரத்து. முடிந்தது. இதே ரசாயனம் 1937-ல் அமெரிக்காவில் நூறு பேருக்கு மேல் கொன்றது, மறு வருஷம் அங்கே மருந்துச் சட்டத்தையே மாற்றி எழுதினார்கள். 1970-களின் தொடக்கத்தில் இதே சென்னையில் 14 குழந்தைகளைக் கொன்றது. 1986-ல் மும்பை ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் கொன்றது. 2022-ல் இந்திய சிரப் காம்பியாவில் கொன்றதாக உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது. நமக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் இது "எதிர்பாராத" சம்பவம்.

ரெஃபர் எப்போதுமே தாமதம் என்று சொல்லிவிடக் கூடாது. அதே 2025 ஜூலையில், நாமக்கல் மாவட்டம் பள்ளிப்பாளையத்தில் கடனில் மூழ்கிய விசைத்தறித் தொழிலாளர்களின் சிறுநீரகங்களைப் புரோக்கர்கள் வாங்கி விற்ற விவகாரம் வெளியே வந்தது. இரண்டு தனியார் ஆஸ்பத்திரிகளின் மாற்று அறுவை உரிமத்தை அரசு நிறுத்தியது. பாருங்கள், நெசவாளியின் உடம்பு முழுசாகப் போனால் படுக்கை இல்லை. அதிலிருந்து ஒரு கிட்னி மட்டும் போவதாக இருந்தால் வண்டி, அறை, சர்ஜன், ஃபைல் எல்லாம் ரெடி. அதற்கு யாரும் "இங்கே வசதி இல்லை" என்று சொன்னதாகத் தெரியவில்லை.

தனியார் ஆஸ்பத்திரிகளைக் கட்டுப்படுத்தச் சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. 1997-ல் சட்டசபை நிறைவேற்றியது. அதற்கான விதிகள் வந்தது 2018-ல். இருபத்தோரு வருஷம் அந்தச் சட்டம் கோமாவில் கிடந்தது. பிராண்டுப் பெயர் எழுதாமல் மருந்தின் பொதுப் பெயரை எழுத வேண்டும் என்று 2023 ஆகஸ்ட் 2-ஆம் தேதி தேசிய மருத்துவ ஆணையம் விதி போட்டது. ஆகஸ்ட் 23-ல் நிறுத்திவைத்தது. மருந்துக் கம்பெனிக்குக் காய்ச்சல் வந்தால் மூன்று வாரத்தில் குணமாக்கத் தெரிகிறது.

எங்கள் ஊரின் பெரிய பிள்ளை அண்ணா, நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர், முதலமைச்சர் ஆனார். 1968-ல் புற்றுநோய் வந்தபோது அவரையே நியூயார்க்குக்கு அனுப்ப வேண்டியிருந்தது. 1969 பிப்ரவரி 3-ல் போய்ச் சேர்ந்தார். காரப்பேட்டையில் அவர் பெயரில் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. வெளியூர்களிலிருந்து இந்த ஊருக்கு நோயாளி ரெஃபர் ஆகி வருகிற ஒரே இடம் அதுதான், அந்தப் பெருமையை விட்டுக்கொடுக்க மாட்டோம். ஆனால் அவர் பெயரைச் சொல்லி அரை நூற்றாண்டுக்கு மேல் மாறி மாறி ஆண்டவர்கள் தங்களுக்கு வந்தபோது எங்கே போனார்கள்? எம்.ஜி.ஆர். 1984-ல் அப்போலோ, அங்கிருந்து புரூக்ளின். ஜெயலலிதா 2016-ல் அப்போலோ. கருணாநிதி 2018-ல் காவேரி. உயிர் எல்லோருக்கும் வெல்லம், குறை சொல்லவில்லை. தாங்கள் கட்டிய, தங்கள் பெயர் எழுதிய அரசு ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு ராத்திரி படுத்திருந்தால், அந்த வார்டில் ஃபேன் ஓடியிருக்கும்.

புலம்பி என்ன ஆகப் போகிறது? ஒன்று செய்யுங்கள். ஒரு வெள்ளைத் தாள், பத்து ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. உங்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு எழுதிக் கேளுங்கள்: போன வருஷம் எத்தனை பேரை வெளியே அனுப்பினீர்கள்? எந்த வியாதிக்கு, எத்தனை மணிக்கு? எந்த டாக்டர், எந்த மெஷின் இல்லாததால்? அனுமதித்த பணியிடம் எத்தனை, காலி எத்தனை, எந்தத் தேதியிலிருந்து காலி? முப்பது நாளில் பதில் தர வேண்டும். "இது எங்கள் அலுவலகத்துக்கு உட்பட்டதல்ல" என்று அந்த மனுவையும் வேறு இடத்துக்கு ரெஃபர் செய்யலாம், சட்டத்தின் 6(3) பிரிவு அதை அனுமதிக்கிறது. ஆனால் ஐந்து நாளுக்குள் அனுப்ப வேண்டும், யாருக்கு அனுப்பினோம் என்று உங்களுக்கு எழுத்தில் தெரிவிக்கவும் வேண்டும். ஆம்புலன்ஸில் போகிற எங்கள் மாமாவுக்கு அந்த மரியாதைகூட இல்லை.